டிரைவர் கூண்டுக்குக் காற்று

கீல் அசையவில்லை. அய்யாவு மண்ணெண்ணெய்த் துணியை இன்னொரு தடவை அதன்மேல் பிழிந்தான். சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக் கட்டைப் பிடியால் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் மெல்லத் தட்டினான். துரு உதிர்ந்து மடியில் விழுந்தது. கண்ணாடி அப்படியே நின்றது.

“ஓங்கி அடிங்கண்ணே. மாமியா வீட்டுக் கதவையா தட்டுறீங்க?” என்றான் கன்னையா.

கன்னையாவுக்கு ரயில்வே பட்டறையில் தகர வேலை. விடுமுறை நாளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து வெளிவேலை பார்ப்பான். இப்போது ஒரு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்துக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஒடைஞ்சா நீயா வாங்கித் தருவே?”

“ஒடைஞ்சா காத்து இன்னும் நல்லா வரும்.”

அய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி வரும்போது அவனுக்கு வேர்ப்பது நின்றுபோயிருந்தது. கை சில்லிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் இருந்த ரப்பர் மரங்கள் ஒன்றாகச் சேர்ந்து கறுத்துக்கொண்டே வந்தன. பிறகு லோரி புல்லில் இறங்கி செம்மண் மேட்டில் முட்டி நின்றிருந்தது. யாரோ அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். முதலாளி சனாவுல்லாதான். அவர் திட்டவில்லை. அய்யாவு எழுந்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னார்:

“அய்யாவு, நான் ஒருத்தன்னா பரவாயில்ல. பின்னால ஒரு பொம்பளை இருக்கா. இன்னொரு தடவை இப்புடி ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். மனசுல வச்சுக்காதே.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வேறு ஆள் வந்தால் அய்யாவு போக இடம் இல்லை. அவன் படுத்து எழுந்ததும் சாமான் வைத்திருந்ததும் அந்த முன்சீட்டில்தான்.

அதை எல்லோரும் வீட்டு லோரி என்றார்கள். ஒரு ரப்பர் தோட்டம் கழித்துக்கட்டிய பழைய லோரியைச் சனாவுல்லா வாங்கி, சீன ஆசாரி ஒருவனை வைத்து அதன் முதுகில் மர அறை கட்டியிருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் துணிக்கட்டுகளுக்குத் தட்டு. மடக்கிப் போடுகிற கட்டில். தகரம் அடித்த மூலையில் அடுப்பு. முன்கோடியில் திரை போட்டு அதற்குள் ஒரு தையல் மிஷின். சம்பள நாள் பார்த்துத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலையும் வேட்டியும் விற்பார். அவர் மனைவி முத்து பீவி திரைக்குள் உட்கார்ந்து ரவிக்கை தைப்பாள். நாகூர்ப் பக்கம், பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாக் குடும்பம். அதனால் டிரைவர் கூண்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பொத்தல்கூட வைக்காமல், தரையிலிருந்து கூரை வரைக்கும் பலகை அடிக்கச் சொல்லியிருந்தார்.

அறையில் அடங்காத துணிக்கட்டுகள் கூண்டுக்கு வந்தன. அவை சீட்டின் மறுபாதியை அடைத்துக்கொண்டன. மழையும் தூசியும் அவற்றின்மேல் படக்கூடாதென்று கதவுக் கண்ணாடிகளை இறக்க முடியாதபடி மக்கு வைத்துப் பூசினார்கள். முன்கண்ணாடியின் மேல்பாதி வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி செய்தது. அதைத் திறக்காமலே விட்டதில் கீல் துருவேறிவிட்டது. மிச்சம் இருந்தது காலடியில் பெடல்கள் நுழையும் ஓட்டைகள். அவற்றின் வழியே என்ஜின் சூடும் புகையும் வந்தன. முதலாளி கூண்டில் ஏறுவதில்லை. பின்கதவைத் திறந்துவிட்டுப் படியில் காலைத் தொங்கப்போட்டு, வந்த சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார். காற்றெல்லாம் அவருக்கு.

கன்னையா பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்தான். “புகைக்கொழா என்ஜினோட சேர்ற எடத்துல கசியுது. எவ்ளோ நாளா?”

“பழைய வண்டி. கசியத்தான் செய்யும்.”

“கழட்டி மாத்தணும். வண்டிய நிறுத்திப் போடணும்.”

“இது சம்பள வாரம். மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. நீ காத்துக்கு வழி பண்ணு.”

கூண்டின் முன்பலகையில் வட்டமாக வெட்டிக் கூம்பைப் பொருத்தினான் கன்னையா. வாய் சாலையைப் பார்த்திருந்தது; வால் உள்ளே டிரைவரின் முழங்காலுக்குக் கீழே வந்தது. கொஞ்சம் தள்ளி நின்று அதைப் பார்த்தான்.

“உள்ள வர்ற காத்து வெளிய போகவும் வழி வேணும்ண்ணே. இல்லாட்டி வாசல்லயே நின்னுடும். பின்பலகையில சந்து கிந்து எதாச்சும் இருக்கா?”

அய்யாவு கீலைத் தட்டிக்கொண்டே, “இல்ல,” என்றான்.

“அப்ப கூரையில ஒரு ஓட்டை போட்டு, பின்னால பாத்தாப்பல ஒரு மூடி வச்சுடுவோம். வண்டி ஓட ஓட அதுவே உள்ள இருக்கறத உறிஞ்சி எடுத்துடும்.”

“கூரையில கை வெக்க விடமாட்டாரு. ஒழுகும்பாரு.”

“கேட்டீங்களா?”

“கேக்க வேணாம்.”

கன்னையா தோளைக் குலுக்கினான். அப்போதுதான் கீல் முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. கண்ணாடி ஒரு சாண் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

சந்து இருந்தது. ஆசாரி பச்சைப் பலகை அடித்துவிட்டான். என்ஜின் சூட்டில் அது காய்ந்து சுருங்கி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இரண்டு பலகைகள் விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டன. தரையில் தொடங்கி அவன் காதுக்கு மேல்வரை ஒரே கோடு. அந்தப் பக்கம் துணித்தட்டின் முதுகு மறைத்ததால் யார் பார்வையிலும் படவில்லை. அவனும் அதில் கண்ணை வைத்ததில்லை. அதை அடைக்கவும் இல்லை. கன்னையாவைக் கூண்டுக்குள் ஏற்றிக் கூரையில் வேலை செய்யவிட்டால் அவன் கண்ணில் அது பட்டிருக்கும்.

மறுநாள் செலாயாங் சாலையில் காற்று வந்தது. முன்கண்ணாடி வழியே முகத்தில் அடித்தது. கூம்பின் வழியே காலில் அடித்தது. சட்டை முதுகில் ஒட்டவில்லை. நெற்றிப்பொட்டில் எப்போதும் இருக்கும் இடி இல்லை. புகை வாடைகூட இல்லை. அய்யாவு ஒரு கையை வெளியே நீட்ட முடியாத அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். பின்னால் மிஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் குரல் தொடங்கியது.

முத்து பீவி தனியே இருக்கும்போது பேசுவாள். மிஷின் சத்தத்துக்கும் என்ஜின் சத்தத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி உரக்கப் பேசுவாள். படியில் உட்கார்ந்திருந்த கணவருக்குத் திரையும் காற்றும் தாண்டி எதுவும் போய்ச் சேராது. மேட்டில் ஏறும்போது பாதி வார்த்தை முழுகிப்போகும். சமதரையில் எல்லாம் கேட்கும். நூல் அறுந்தால் நூலை வைவாள். ஊசியை, “உனக்கென்ன ராசாத்தி, குத்திட்டுப் போயிடுவே,” என்பாள். அய்யாவுக்கு மிகவும் பிடித்தது மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்த சனாவுல்லாவின் அண்ணன் பெண்டாட்டி ரம்லத்தோடு அவள் போடும் சண்டை. ரம்லத் அங்கே கடைக்கு மேல்மாடியில் இருப்பாள். இங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து முத்து பீவியே பேசுவாள்.

“ஏன்டி முத்து, ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டத் தெரியல. உன்னைப் போய் எங்க கொழுந்தன் கட்டுனானே.”

பிறகு தன் குரலில், ரொம்பப் பணிவாக: “ஊருக்கெல்லாம் சரியாத்தான் வருது ராத்தா. உங்களுக்குத் தச்சாத்தான் துணி பத்த மாட்டேங்குது.”

அய்யாவு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான்.

ஒரு நாளில் அவன் கேட்கும் மனிதப் பேச்சு அவ்வளவுதான். தோட்டங்களில் பெண்கள் பின்கதவைச் சுற்றிக்கொள்வார்கள். பேரம், சிரிப்பு, சாயம் போகுமா என்ற சந்தேகம் எல்லாம் அங்கே. முன்பக்கம் யாரும் வருவதில்லை. வந்தால் யாராவது ஒரு வாலிபன் வருவான். “குடுத்து வச்சவருண்ணே நீங்க. வீட்டோடயே ஊர் சுத்துறீங்க.” செலாயாங்கில் சொன்னதையே சுங்கை வேயிலும் சொல்வார்கள். அய்யாவு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி பல்லைக் காட்டுவான்.

அவனுக்கும் வீடு இருந்தது. தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், ஓர் அறை. வீரம்மா என்று ஒரு மனைவி. ரப்பர் விலை விழுந்தபோது ஆட்களைக் குறைத்தார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் சும்மா என்றார்கள். வீரம்மா தன் அண்ணனோடு கிளம்பினாள். அவனையும் கூப்பிட்டாள். இரண்டு நாள் கூப்பிட்டாள். அவனுக்கு ஊர் என்று ஒன்றும் ஞாபகத்தில் இல்லை, கைக்குழந்தையாக வந்தவன். லோரியை விட்டால் வேறு தொழிலும் தெரியாது. “அப்ப அதையே கட்டிக்கிட்டு இரு,” என்றாள் வீரம்மா. அழாமல் சொன்னாள். அதன் பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்ல யாரும் வரவில்லை. சில மாதம் கழித்துத் தோட்டம் லோரியை விற்றது. வாங்க வந்த சனாவுல்லா ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அய்யாவு முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

கூம்பு வைத்த பிறகு குரல் குறைந்தது. முதலில் அவன் கவனிக்கவில்லை. காற்றின் சுகத்தில் இருந்தான். மிஷின் ஓடும், நிற்கும், வெகுநேரம் ஓடாது. யாரோ குமட்டுகிற சத்தம் கேட்டது.

கிள்ளானில் பாசார் சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது சனாவுல்லா முன்பக்கம் வந்தார். அவர் முன்பக்கம் வருவதே அபூர்வம். கையில் காகிதப் பொட்டலம்.

“கையை நீட்டு.”

கற்கண்டு.

“என்ன மொதலாளி?”

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டார். பெரிய மனிதர், நரை விழுந்தவர், சொல்ல வெட்கப்பட்டார். “வீட்டுல வாந்தி, தலைசுத்து. எங்க அண்ணன் பொஞ்சாதி வந்து பாத்துட்டு அதேதான்னுட்டா. இத்தன வருசம் கழிச்சு அல்லா கண்ணத் தொறந்துட்டான். நீ பாத்து ஓட்டு. பள்ளத்துல விடாதே.”

அய்யாவு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டான். தன் வீட்டில் நடந்தது போல அவனுக்குள் ஏதோ மலர்ந்தது. அன்று காப்பார் சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடித் தேடி ஒதுக்கினான். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்துச் சலித்துப்போனான். அப்போது சந்து வழியே, களைத்த குரலில், “டிரைவரு மெதுவாப் போறாரே. தெரிஞ்சிருக்கும் போல,” என்று கேட்டது.

இத்தனை மாதத்தில் அவள் அவனைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு ஓட்டினான்.

வெள்ளிக்கிழமை வண்டி ஓடாது. பிரிக்பீல்ட்ஸில் மரத்தடியில் நிற்கும். முதலாளி பள்ளிவாசலுக்குப் போவார். அன்று பின்னாலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. முத்து பீவி ரம்லத்தோடு முழுசாக ஒரு சண்டை போட்டு ஜெயித்தாள். மறுநாள் வண்டி கிள்ளான் சாலையில் ஏறியதும் மறுபடியும் குமட்டல்.

“வண்டி நின்னா நீயும் கம்முனு இருக்கே,” என்றாள் அவள். வயிற்றில் இருப்பதோடு பேசுகிறாள் என்று அய்யாவுக்குப் புரிந்தது. “ஓடுனா பொரட்டுறே. உங்க வாப்பா மாதிரி ஊர் சுத்துற ஆளா நீ? உன் கணக்கும் எனக்குப் புரியல. எனக்கு மாசக் கணக்கு எப்பவும் முன்னப் பின்னத்தான். நீ இருக்கியா இல்லையான்னு நீயாச்சும் சொல்லு.”

இதெல்லாம் தான் கேட்கக் கூடாதது என்று அவனுக்குக் காது சுட்டது. ஆனால் அவன் கை ஸ்டியரிங்கில் நின்றுபோனது வேறு விஷயத்துக்காக. நின்றால் இல்லை, ஓடினால் உண்டு. கூம்பு வைக்கும் முன்னால் அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் முகத்தில் ஏறிக்கொண்டிருந்த புகை இப்போது வருவதில்லை. அது எங்கே போயிற்று?

நேர் சாலை வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்துக் காலடியில் பெடலுக்குப் பக்கத்தில் போட்டான். புகை மேலே எழும்பவில்லை. கூம்பின் காற்று அதைத் தரையோடு அமுக்கி, சீட்டுக்கு அடியில் தள்ளியது. அவன் குனிந்து பார்த்தான். வெள்ளை நூல் மாதிரி அது சீட்டின் கீழே ஓடி, பின்பலகையின் சந்துக்குள் கோத்த மாதிரி நுழைந்து போய்க்கொண்டே இருந்தது.

மேலே குரல் வந்த அதே சந்து.

பூட்டின கொட்டகையில் என்ஜினை ஓடவிட்டு உள்ளேயே தூங்கிப்போன ஒரு டிரைவரை அவன் பார்த்திருக்கிறான். தூங்குகிற மாதிரிதான் இருந்தான். கன்னம்கூடச் சிவந்திருந்தது.

லோரியை ஓரமாக நிறுத்தினான். என்ஜினில் ஏதோ பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னான். கூண்டுக்குள் ஏறி, பழைய பனியனைக் கிழித்து, கீழேயிருந்து சந்தில் திணித்துக்கொண்டே வந்தான். இடுப்பு உயரத்துக்கு வந்தபோது அந்தப் பக்கம் அவள், “யா அல்லா, கொஞ்சம் தண்ணி,” என்றாள். பஞ்சுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. இன்னும் மேலே திணித்தால் அதுவும் கேட்காது. கீழே மட்டும் அடைத்தால் புகை மேலே ஏறிப் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் பனியனை வைத்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு எல்லாத் துண்டையும் பிடுங்கி எடுத்து, அவற்றைக் கூம்பின் வாயில் திணித்தான். முன்கண்ணாடியை இழுத்து மூடினான்.

காற்று நின்றது. புகை பழையபடி அவன் முகத்துக்கு ஏறியது.

அடுத்த நாட்களில் அவள் தேறினாள். மிஷின் ஓடியது. அவன் ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டினான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று வேண்டாத இடத்தில் எல்லாம் நிறுத்தினான். ஒரு தடவை படாங் ஜாவா வளைவில் கண் இருட்டியது. வெளியே தெரியாமல் சமாளித்துவிட்டான். இன்னும் எத்தனை தடவை சமாளிக்க முடியும் என்று யோசிக்கவில்லை. குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் குரல் மாறியிருந்தது.

“ஏன் பொரட்டல?” என்றாள் ஒரு நாள். மிஷின் ஓடவில்லை. “ஒரு வாரமா ஒண்ணுமே இல்லையே. என்ன ஆச்சு உனக்கு? நான் மிஷின் மிதிச்சது பொறுக்கலியா?” பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும். அய்யாவு பல்லில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டான்.

அன்று கிள்ளானில் சனாவுல்லா மறுபடியும் முன்பக்கம் வந்தார். கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கல அய்யாவு. மருத்துவச்சியும் ஒண்ணுமில்லேன்னுட்டா. மிஷின் மிதிச்சுத்தான் கலைச்சுட்டான்னு எங்க அண்ணி வீடெல்லாம் சொல்லிட்டா. அண்ணன் சொல்றாரு, இவளை ஊருக்கு அனுப்பிடு, வேற எடத்துல பாக்கலாம்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது. கடை அவரோடது. சரக்கு அவரோடது.” துணிக்கட்டில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தார். “அவ எதுவும் சொல்ல மாட்டேங்கிறா. என்கிட்ட எப்பவும் அப்புடித்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை. தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காளோ என்னமோ.”

“நெனச்சுக்கிட்டிருக்காங்க,” என்றான் அய்யாவு.

சனாவுல்லா நிமிர்ந்து பார்த்தார்.

அய்யாவு கீழே இறங்கினான். தலையிலிருந்த ஈரத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். “மொதலாளி, அது மசக்கை இல்ல. கலையவும் இல்ல. புகை. எனக்குக் காத்து வரணும்னு கூம்பு வச்சேன். அது என்ஜின் புகைய அவங்க பக்கம் தள்ளிடுச்சு. வண்டி ஓடுனாத்தான் அவங்களுக்கு வரும், வெள்ளிக்கெழம வராது. கூம்ப அடைச்சேன், நின்னுடுச்சு.”

“பலகை அடிச்சிருக்கே.”

“சந்து இருக்கு.”

“வெள்ளிக்கெழம வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“அவங்க பேசுறது கேக்கும் மொதலாளி.”

ஒரு மீன் வண்டி கடந்து போனது. சனாவுல்லா அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

“எத்தன நாளா?”

“மொதல்லேருந்து.”

“பாத்தியா?”

“பாக்கல. அந்தப் பக்கம் தட்டு மறைக்குது. நான் கண்ணை வச்சதில்ல.”

சனாவுல்லா அவனைத் தாண்டிக் கூண்டுக்குள் ஏறினார். கனத்த உடம்பு, துணிக்கட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்தார். பலகையைக் கையால் தடவினார். விரல் சந்தில் போய் நின்றது. அப்படியே தலையைச் சாய்த்துக் காதை வைத்தார்.

என்ன கேட்டது என்று அய்யாவுக்குத் தெரியாது. அவன் தரையில் நின்றான். சந்து இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நொடி போதும். அவர் எழுந்து வரவில்லை. முதலில் அவர் முகத்தில் கோபம் இருந்தது. பிறகு புருவம் தளர்ந்தது. ஒரு கட்டத்தில் உதடு லேசாக இழுத்துக்கொண்டது, சிரிக்க வந்ததுபோல. அதன் பிறகு அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து இறங்கினார்.

“யாரோட பேசுறா?”

“யாரோடயும் இல்ல. தனக்குத்தானே.”

“தெனமுமா?”

“தெனமும்.”

சனாவுல்லா பின்பக்கம் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தால் உள்ளே பேசுவது ஒவ்வொன்றும் அய்யாவின் காதில் விழும். அவன் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு நடந்தான். பாசாரைத் தாண்டி, படகுகள் கட்டியிருந்த ஆற்றங்கரை வரை போய், எதுவும் கேட்க முடியாத தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தான். அவர் கூப்பிட்டால்கூட அங்கே கேட்காது. சோற்றுக் கடைகளில் கூட்டம் வந்து குறையும்வரை அங்கேயே இருந்தான். சாமானைக் கட்ட ஒரு பை வேண்டும், அது இருக்கிறதா என்று யோசித்தான்.

திரும்பி வந்தபோது சனாவுல்லா லோரியின் நிழலில் நின்றிருந்தார்.

“எங்கே போயிட்டே? கோலாலம்பூருக்கு விடு. கன்னையாவைக் கூப்புட்டுப் பலகைய அடைச்சுடு. அந்தக் கசிவையும் பாக்கச் சொல்லு. வண்டி எத்தன நாள் நின்னாலும் சரி.”

“அப்புறம் நான்?”

“அப்புறம் என்ன. இந்த வண்டி வேற யாரு கையில போவும்?” சற்று நிறுத்தினார். “புகைன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அண்ணன்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன். சந்தப் பத்தி அவகிட்ட சொல்லல. அவளுக்கு அது தெரிய வேணாம். தெரிஞ்சா வாயே தொறக்க மாட்டா.”

“சரி மொதலாளி.”

“நீயும் எங்கயும் பேசாதே.”

“யார்கிட்ட பேசப்போறேன்,” என்றான் அய்யாவு.

கன்னையா கூண்டுக்குள் ஏறியதுமே சந்தைப் பார்த்துவிட்டான். அதில் விரலைவிட்டு மேலும் கீழும் இழுத்தான்.

“இல்லேன்னீங்க?”

“இப்பத்தான் விட்டிருக்கு.”

கன்னையா அவனை ஒரு தடவை பார்த்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. சந்தின் நீளத்துக்கும் தாரில் நனைத்த சாக்குத் திரியைத் திணித்து, மேலே தகரப் பட்டி வைத்து ஆணி அடித்தான். ஆணிகளை அய்யாவு எடுத்துக் கொடுத்தான். கீழேயிருந்து தொடங்கினார்கள். பட்டி காது உயரம் தாண்டிக் கூரையைத் தொட்டதும் கன்னையா பலகையை முஷ்டியால் தட்டிப் பார்த்தான். அந்தப் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. கூரையில் வட்டமாக வெட்டி, பின்பக்கம் பார்த்த தகர மூடி வைத்தான். ஓரத்தில் தார் பூசினான். புகைக்குழாயின் கசிந்த இணைப்பைப் பட்டறையில் வேறு ஒருவன் மாற்றினான். கூம்பின் வாயிலிருந்து பனியன் துண்டுகளைப் பிடுங்கி எறிந்தபோது, “யாரு இதுல துணியத் திணிச்சது?” என்று கன்னையா கேட்டான். “எலி,” என்றான் அய்யாவு. “பனியன் போட்ட எலியா?” என்று கேட்டுவிட்டுக் கன்னையா தானே சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் காப்பார் பக்கம் கிளம்பினார்கள். சனாவுல்லா படியில் உட்காரவில்லை. பின்கதவைத் திறந்து கட்டிவிட்டு உள்ளே திரைப் பக்கம் போனார். கூண்டுக்குள் காற்று வந்தது; மிஷின் ஓடுவதுகூடக் கேட்கவில்லை. பத்து தீகாவில் சாலை வேலை நடந்ததால் அரை மணி நிற்க வேண்டியிருந்தது. கிள்ளானில் எண்ணெய் போட்டார்கள். தோட்டத்தில் பச்சைச் சேலைகள் எல்லாம் விற்றுப்போயின. கறுப்பு யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் மழை வந்தது. கூரை ஒழுகவில்லை. அய்யாவு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடைவரை நடந்துபோய்ச் சாப்பிட்டான். குழம்பு தீர்ந்திருந்தது. ரசமும் அப்பளமும் இருந்தன.